பிழைக்குக் கைதட்டிய மாஸ்ரர்

பிள்ளை பிழை விட்டால் காதைத் திருகுகிற வாத்திமாரைக் கண்டிருக்கிறேன். பிரம்பு எடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். பெருமூச்சு விட்டுவிட்டுத் தாய்க்குத் தொலைபேசி எடுக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் பிள்ளை பிழை விட்டதும் லொத்தர்ச் சீட்டு விழுந்தவர் மாதிரி எழும்பிக் கைதட்டுகிற மனிதர் இந்த ஜேர்மனி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவரையும் நான்தான் கண்டுபிடித்தேன். என்னுடைய தேத்தண்ணி மேசையில் கண்டுபிடித்தேன்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன், அவசரம் ஒன்றும் இல்லை. எசன் நகரில் சனிக்கிழமைகளில் ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் கீழ்மாடியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகள் உள்ளே படிப்பார்கள். பெற்றோர் விறாந்தையில் நின்று கதைப்பார்கள். அந்தக் கதைக்குத் தொண்டை வறளாமல் தேத்தண்ணி ஊற்றுகிறவள் நான். வடையும் உண்டு. பள்ளிக்கூடத்தை நடத்துகிற அதிபர்மார் மூன்று பேர் மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை. தேத்தண்ணி அக்கா என்று கேட்டால் எசனில் யாரும் வழி காட்டுவார்கள்.

அவர் வந்தது ஒரு மழைச் சனிக்கிழமை. சைக்கிளுக்குப் பின்னால் குழந்தைகளை இருத்தி இழுக்கிற கூண்டு வண்டில் ஒன்று பூட்டியிருந்தது. பெண்கள் எல்லாரும் குழந்தை பார்க்க ஓடினோம். மூடியைத் தூக்கினால் உள்ளே குழந்தையும் இல்லை, குட்டியும் இல்லை. கடுதாசிக் கட்டுகள்! அதற்கு மேல் ஒரு சின்னக் கம்பளி வேறு போர்த்தியிருந்தார், குளிருமாம்.

தலைக்கவசத்தைக் கழற்றாமலே நேரே விறாந்தைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பாண் வாங்க வந்தவர் விலை கேட்பது மாதிரிக் கேட்டார்.

"வணக்கம். உங்கட பள்ளிக்கூடத்தில ஆருக்குப் படிப்பு வராது?"

என் கையில் இருந்த கரண்டி விழுந்துவிட்டது. அதிபர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார்.

"தம்பி, இது தமிழ்ப் பள்ளிக்கூடம். இஞ்ச எல்லாருக்கும் படிப்பு வரும்."

"எல்லாருக்குமோ?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்குப் பள்ளிக்கூடம் நடத்திறியள்?"

அதிபர் திரும்பவும் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். பதில் தாய்மாரிடம் இருந்து வந்தது. "என்ர மகன் வகுப்பில முதலாம் பிள்ளை" என்றாள் ஒருத்தி. "என்ர மகளும் முதலாம் பிள்ளைதான்" என்றாள் பக்கத்தில் நின்றவள். ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல அவர் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே போனார். கடைசியில் வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலையும் எண்ணிவிட்டுச் சொன்னார்:

"நாலாம் வகுப்பில பதினேழு பிள்ளையள். அதில பதினாறு பேர் முதலாம் பிள்ளை. ஒராளைக் காணேல்லை."

அந்த ஒராளின் தாய் என் மேசை மூலையில்தான் நின்றாள். சுதா என்று பெயர். சீனி போடாத தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே நின்றாள். நான் கண்டும் காணாதமாதிரி இருந்துவிட்டேன்.

மன்னாரில் பிறந்து, தாயின் இடுப்பில் இருந்தபடி இந்த நாட்டுக்கு வந்தவர் அந்தச் சைக்கிள்காரர். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கண்ணும் சரி, காதும் சரி, புத்தியும் சரி, ஆனால் எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு எப்படிப் படிப்பிக்கலாம் என்று பார்க்கிற ஆராய்ச்சி. அதற்குப் பிழைகள் வேண்டுமாம். பிள்ளை எந்த இடத்தில் தடக்குப்படுகிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் கை கொடுக்கலாம் என்று தெரியுமாம். கூண்டு வண்டில் நிறைய இருந்தது பிள்ளைகள் விட்ட பிழைகள். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. இரண்டாம் சனிக்கிழமையோடு அது தொலைந்துபோய், பிழை மாஸ்ரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதிபர் அனுமதி கொடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, வகுப்பு வாசலில் ஐஸ்கிறீம் வாளி ஒன்றோடு நின்று பிள்ளைகளின் அழிறப்பர்களைப் பறிமுதல் செய்தது. "அழிக்கிறேல்லை. பிழையெண்டால் ஒரு கோடு கீறுங்கோ, போதும். அழிச்சுப்போட்டால் எனக்கு ஒண்டும் தெரியாது" என்பார். தகப்பன்மார் சிலர் இவர் அழிறப்பர்க் கள்ளன் என்று அதிபரிடம் முறைப்பாடு வைத்தார்கள். வாளி என் மேசைக்குக் கீழே இருக்கும். மீன் வடிவத்தில் ஒன்று, தோடம்பழ வாசத்தோடு ஒன்று, பல் பதிந்தபடி நாலைந்து.

உள்ளே ஏதாவது ஒரு பிள்ளை நல்ல பிழை ஒன்று விட்டால் கைதட்டுச் சத்தம் விறாந்தைக்குக் கேட்கும். "ஆகா! இது புதுசு! எப்பிடி ராசா இது வந்தது?" என்று கேட்பார். பிள்ளைகளுக்குப் பயித்தியம் பிடித்தமாதிரி. வீட்டில் போய், "அம்மா, இண்டைக்கு எனக்குக் கைதட்டு விழுந்தது" என்று சொன்னால், தாய் சந்தோசப்படுவதா அழுவதா?

என்னையும் விடவில்லை. ஒருநாள் வடை கேட்டார். நல்ல வடிவான வடையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"இது வேண்டாம் அக்கா. அந்தக் கருகினதைத் தாங்கோ."

"ஏன் தம்பி, நல்லது இருக்க?"

"நல்லதில பாக்க ஒண்டும் இல்லை. இது எப்பிடிக் கருகினது? முதல் ஈட்டிலயோ, கடைசி ஈட்டிலயோ?"

நாற்பது வருடமாக வடை சுடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? "எண்ணெய்க்குத் தெரியும், போய்க் கேளும்" என்றேன். அவர் சரியென்று சட்டிக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் நின்றார். பிறகு, கதை கேட்கிற ஆர்வத்தில் நான் ஒவ்வொரு ஐந்தாவது வடையையும் திருப்ப மறந்துபோகிறேன் என்று கண்டுபிடித்துச் சொன்னார். உண்மைதான். அந்தக் கோபம் எனக்கு இரண்டு கிழமை, பதினாலு நாளும் இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் கண்டார். என்னுடைய போத்தல்களில் நிற நாடா ஒட்டியிருக்கும். சீனிக்குச் சிவப்பு, உப்புக்கு நீலம், தேயிலைக்கு மஞ்சள். "ஏன் அக்கா, பேர் எழுதி ஒட்டேல்லையோ?" என்றார். "வடிவுக்கு" என்றேன். கருகின வடையைக்கூடக் கொப்பியில் எழுதிய மனிதர், அதை மட்டும் எழுதவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு வடையைத் தின்றார்.

இனி சோதனைக் கதைக்கு வருகிறேன். ஒரு தாள், அதில் முப்பது படம். குடை, முதலை, கொக்கு, மணிக்கூடு, வாத்து, இப்படி. ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் பெயரைத் தமிழில் ஒருக்கால், ஜேர்மனில் ஒருக்கால் எழுதவேண்டும். தாள்களை ஒரு கிழமை முன்னதாகவே கொண்டுவந்து, "பத்திரமா வையுங்கோ அக்கா" என்று என்னிடம் தந்துவிட்டுப் போனார். இது போட்டி இல்லை, பரிசு இல்லை, புள்ளி இல்லை என்று பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லியும் இருந்தார். எங்கள் சனத்துக்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் கண்ணில் பட்டால் போதும், மற்ற எதுவும் காதில் ஏறாது.

தேத்தண்ணி குடிக்க வந்த ஒரு தாய் தாளை உருவித் தொலைபேசியால் படம் எடுத்தாள். பெயர் சொல்லமாட்டேன், அவளுக்கு இன்னும் நான்தான் வடை கொடுக்கிறேன். வெளிச்சம் காணாது, வடைத் தட்டத்தின் நிழல் விழுகிறது என்றாள். நான் தட்டத்தைக் கொஞ்சம் அரக்கிவைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த உதவி. தாள் அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் ஏறி எசன் முழுக்கச் சுற்றிவந்தது.

அந்தக் கிழமை எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் முதலையும் குடையும்தான். பூங்காவில் வாத்தைக் கண்ட ஒரு பிள்ளை, "அப்பா, ஏழாம் நம்பர்!" என்று கத்தியதாம்.

சோதனை முடிந்தது. பதினேழு பிள்ளைகளும் முப்பதுக்கு முப்பது. அதிபர் கேக் வெட்டினார். மாஸ்ரர் வாசற்படியில் தலைக்கவசத்தோடு குந்தியிருந்தார், செத்தவீட்டில் இருப்பவர் மாதிரி.

"ஒண்டும் இல்லை அக்கா. ஒரு பிழைகூட இல்லை."

"அது நல்லதுதானே தம்பி?"

"எல்லாரும் சுகமெண்டு சொன்னால் டொக்டர் ஆருக்கு மருந்து குடுக்கிறது?"

அந்த நேரம் பார்த்து ஒரு தகப்பன் வந்து, "மாஸ்ரர், பரிசளிப்பு எப்ப?" என்று கேட்டார்.

சுதா அன்றைக்குத்தான் என்னிடம் வாய் திறந்தாள். மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. கதைத்தால் கிளி. புத்தகத்தைத் திறந்தால் ஊமை. ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. இரண்டு கிழமை கழித்துச் செவ்வாய்க்கிழமை ரெர்மின், அதாவது நேரம் குறித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு இங்கே ஏலாது, படிப்பு வராத பிள்ளைகளுக்கென்று இருக்கிற வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோமா என்று கதைக்கப் போகிறார்களாம்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. இப்ப முழுக்கச் சரியா எழுதிட்டாள்தானே. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் விட்டுடுவினம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அடுத்த சனிக்கிழமை மாஸ்ரர் அதே முப்பது படத்தையும் இடம் மாற்றிப் போட்ட தாள் ஒன்றோடு வந்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பதினாறு பிள்ளைகள் படத்தைப் பார்த்து மாற்றி எழுதினார்கள். இனியா மட்டும் போன கிழமை ஒழுங்கிலேயே எழுதிவிட்டாள். குடைக்குக் கீழே முதலை. முதலைக்குக் கீழே மணிக்கூடு. ஒரு எழுத்துப் பிசகவில்லை, ஆனால் ஒரு சொல்லும் தன் வீட்டில் இல்லை.

மாஸ்ரர் தாளைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடிவந்தார். கைதட்டிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பிள்ளையின்ர அம்மா ஆர்? பாருங்கோ இதை! வாசிக்கத் தெரியாமல் அறுபது சொல்லையும் கோலம் மாதிரிப் பாடமாக்கிக் கீறியிருக்கிறாள்! என்னால ஏலாது! உங்களில ஆருக்கு ஏலும்?"

அவர் புகழ்ந்தார். ஆனால் விறாந்தையில் நின்றவர்களின் காதில் விழுந்தது, வாசிக்கத் தெரியாது என்ற இரண்டு சொல்தான். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். சுதா பிள்ளையின் கையைப் பிடித்து, மேலங்கியைக்கூடப் போடாமல் மழைக்குள் இறங்கிப் போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு வடைக் கரண்டியோடு போனேன்.

"உமக்கென்ன விசரே? என்ன வேலை பாத்துப்போட்டீர்?"

மனிதர் திகைத்துப்போனார். பிறகு சட்டைப்பையில் இருந்து கொப்பியை எடுத்துப் பென்சிலை நக்கிக்கொண்டு கேட்டார். "என்ன பிழை விட்டனான், அக்கா? சொல்லுங்கோ, எழுதிறன்."

பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். சொன்னேன். "பிழையை விறாந்தையில நிண்டு கத்தக்கூடாது. உமக்கு அது முத்து. எங்களுக்கு அது அடி." ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார். கோபத்தில் ஜேர்மன் பள்ளிக்கூடத்துக் கடிதத்தையும், தாளைக் காட்டுகிற சுதாவின் யோசனையையும் சொல்லிவிட்டேன். பிறகுதான் விளக்கினார். சரியாக எழுதின தாளைக் கொண்டுபோனால் அதே படங்களை அங்கேயும் இடம் மாற்றிக் கொடுத்துப் பார்ப்பார்கள், பிள்ளை ஏமாற்றியது என்று ஆகிவிடும். இனியா தன் பாட்டில் எழுதின பிழைகள் அரை மணித்தியாலத்துக்குக் கிடைத்தால், அவளுக்கு எது வரும், எது வராது, எப்படிப் படிப்பிக்கவேண்டும் என்று அவர் எழுதிக் கொடுப்பார். அப்போது சிநேகிதப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் வைத்து, கூடுதல் நேரமும் தனிப்பாடமும் கொடுக்கலாம்.

"பிழைதான் அக்கா அவளைக் காப்பாத்தும். சரி காப்பாத்தாது."

ரெர்மினுக்கு மூன்று நாள் இருக்க, சனிக்கிழமை சுதா வந்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடப் பட்டியலில் மகளின் பெயரை வெட்டிவிட்டு முப்பதுக்கு முப்பது தாளை வாங்கிப் போகத்தான் வந்தாள். அதிபர் வரும்வரை என் மேசையடியில் நின்றாள். இனியா மேசைக்குக் கீழே புகுந்து அழிறப்பர் வாளியோடு இருந்துகொண்டாள். மாஸ்ரரும் நின்றார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அவ்வளவு பயம் என்னில்.

நான் சுதாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஏலாது அக்கா. பிழையான தாள் ஒண்டு வெளியில போனால் நாளைக்கு எல்லாற்ற தொலைபேசியிலும் நிக்கும். எழுத்துத் தெரியாதவள் எண்டு பேர் வந்தால் பிறகு அவளை ஆர் மதிப்பினம்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. ஏனென்று சொல்கிறேன். யாராவது ஒரு கடுதாசியை நீட்டினால், "கண்ணாடியை வீட்டில விட்டிட்டன், நீங்களே வாசியுங்கோ" என்பது என் வழக்கம். என்னிடம் கண்ணாடியே கிடையாது. என் கண் நல்ல கண். விறாந்தையின் அந்தக் கடைசித் தொங்கலில் நிற்பவரின் சட்டையில் பொத்தான் இல்லையென்றால் இங்கிருந்து சொல்வேன். எழுத்துத்தான் எனக்கு நிலையாக நிற்பதில்லை. மூன்றாம் வகுப்பில், இவளுக்கு ஏறாது என்று வாத்தியார் சொன்னார், அடுப்படிக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எழுபது வயது தாண்டும்வரைக்கும் ஒருவருக்கும் தெரியாமல் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

"தம்பி, அந்தத் தாளில ஒண்டு எனக்கும் தாரும்" என்றேன்.

"அக்கா, கண்ணாடி?" என்றாள் சுதா.

"அவவுக்குக் கண்ணாடி தேவையில்லை" என்றார் மாஸ்ரர், மெதுவாக. நாடா ஒட்டின போத்தல்களைக் கண்ட அன்றைக்கே மனிதருக்குத் தெரிந்திருக்கிறது!

எழுதினேன். வடைமாவு பிசைகிற கை பென்சிலை அகப்பை மாதிரிப் பிடித்தது. குடைக்கு எழுதியது குடை மாதிரி இல்லை. கொக்குக்கு எழுதிய எழுத்துகளில் ஒன்று பக்கத்துப் படத்துக்குள் போய் நின்றது. ஏழு படத்தோடு வியர்த்துவிட்டது. தாளைத் தள்ளினேன்.

மாஸ்ரர் ஏழு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, நாங்கள் ஒருநாளும் காணாத காரியம் ஒன்று செய்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே தலை கோவில் மணி மாதிரி மினுங்கியது, ஒரு மயிர் இல்லை. கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் சத்தமில்லாமல் கைதட்டினார்.

மேசைக்குக் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. இனியாவின் தலை வெளியே வந்தது. தாளை எட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, இது கொக்கு இல்லை."

"பின்ன என்னடி?"

"தெரியாது. ஆனால் கொக்கு இல்லை."

"அப்ப நீ எழுதிக் காட்டு, பாப்பம்."

"நான் எழுதினால் இதைவிட மோசமா வரும்."

"வராது. எனக்கு அறுபது வருசப் பழக்கம்."

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. பென்சிலைப் பறித்தாள். பிறகென்ன, நானும் அவளும் ஆளுக்கொரு தாளோடு முகத்துக்கு முகம் இருந்து போட்டி போட்டோம். யாருடைய முதலை மோசம், யாருடைய மணிக்கூடு மோசம் என்று ஒரே சிரிப்பு. சுதா ஒரு கை மேலங்கிக்குள்ளும் மற்றக் கை வெளியிலுமாக நின்று பார்த்தாள். "எடுக்கட்டோ?" என்று மாஸ்ரர் அவளிடம் கேட்டார், தாள்களைக் காட்டி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுங்கோ" என்றாள். அன்றைக்குத் தேத்தண்ணிக்குச் சீனியும் போட்டாள்.

மாஸ்ரர் இரண்டு தாளையும் நிதானமாகப் பார்த்து முடிவு சொன்னார். "இனியா வெண்டிட்டாள்."

"திரும்ப எண்ணும்!" என்றேன். திரும்ப எண்ணினார். அவள்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சுதா வந்து சொன்னாள். மாஸ்ரர் தலைக்கவசத்தோடு, பத்து நிமிடம் முன்னதாகவே போய் இருந்தாராம். இனியாவின் தகப்பன் பெயர் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு முழ நீளம். ஜேர்மன் பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா அதைப் பத்திரத்தில் எழுதும்போது நடுவில் நாலு எழுத்தைத் தவற விட்டுவிட்டார். மாஸ்ரர் எட்டிப் பார்த்தார். கைதட்டினார்.

"நல்ல பிழை, அம்மா! உங்களை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவம்?"

அந்த அம்மா பத்திரத்தைப் பார்த்தார், மாஸ்ரரைப் பார்த்தார், பிறகு தானும் சிரித்துவிட்டு, மாஸ்ரர் எழுதிக் கொண்டுவந்ததை முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினாராம். இனியா அதே வகுப்பில், அதே சிநேகிதிகளோடு இருந்துகொண்டாள். எழுத்து வேலைக்கு அவளுக்கு மட்டும் கூடுதல் நேரம். கிழமையில் இரண்டு நாள் தனிப்பாடம்.

அதற்குப் பிறகு என் மேசைக்குத் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள், மற்றவர் காணாத நேரம் பார்த்து. "அக்கா, அந்தத் தாள் ஒண்டு இருக்கோ? சும்மாதான். என்ர மகன் முதலாம் பிள்ளை, எண்டாலும் ஒருக்கால் பாக்கலாமெண்டு." நான் வடைத் தட்டத்துக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பேன். ஒருவரையும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து மாஸ்ரருக்குக் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வேலை மாறியது. அதுவரைக்கும் ஒவ்வொரு சனியும் பள்ளிக்கூடம் தொடங்க அரை மணித்தியாலம் முன்னதாக வந்து, கருகின வடையைத் தின்றுகொண்டு, எனக்கு முன்னால் ஒரு தாளை வைப்பார். நான் எழுதுவேன். அவர் இரண்டு விரலால் தட்டுவார். அவர் போன அன்று அழிறப்பர் வாளியை என்னிடம் தந்தார். "வைச்சிருங்கோ அக்கா. ஆனால் பாவிச்சுப்போடாதேங்கோ." கூண்டு வண்டிலுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதையை நானே என் கையால் எழுதினேன். ஏழு கிழமை பிடித்தது. இப்போது இனியாவுக்குப் பதின்மூன்று வயது. அவள்தான் கணினியில் அடித்தாள், அவள் விட்டதைச் சுதா பார்த்தாள், எங்கள் எல்லாருடைய பிழையும் போய்விட்டது. அந்தத் துப்புரவான தாள்தான் உங்களுக்கு வந்திருக்கிறது. என் கையெழுத்துத் தாள்களை ஒரு கோடும் திருத்தாமல் உறையில் போட்டுக் கார்ல்ஸ்ரூஹேக்கு அனுப்பிவிட்டேன். தனிய இருக்கிற மனிதர், ஒரு கிழமைக்காவது கைதட்டிக்கொண்டு இருக்கட்டும்.